நாலு விரற்கடை உயரத்தில் ஓர் ஊர்

வேலாங்காட்டூரில் முதன்முதலாகத் தரையைவிட்டு எழும்பியவர் பால் சொசைட்டிச் செயலாளர் கந்தவேல்தான் என்பதில் இன்றுவரைக்கும் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. பங்குனி மாதத்து வெள்ளிக்கிழமையன்று மேட்னி விட்டு வெளியே வந்தவர், தியேட்டர் வாசலின் மூன்று படிகளையும் மிதிக்காமலே இறங்கி, எதிர்த்த டீக்கடைக்குப் போய், ஒரு டீயை ஆற்றிக் குடித்து முடித்த பிறகு, டம்ளரை வாங்க வந்த கடைக்காரப் பெண், "அண்ணா, உங்க காலு தரையில படலீங்" என்று சொன்னபோதுதான் குனிந்து பார்த்தார். செருப்புக்கும் மண்ணுக்கும் நடுவே நாலு விரற்கடை இடைவெளி இருந்தது. அந்த இடைவெளியில் ஓர் எறும்பு வரிசை தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. "ஆமாங்" என்று சொல்லிவிட்டு அவர் இன்னொரு டீ சொன்னார்.

அந்த வாரம் ஆறுச்சாமியின் தியேட்டருக்கு வரவேண்டியது ஒரு பெரிய கதாநாயகனின் அடிதடிப் படம். அது ஏதோ வழக்கில் சிக்கி நின்றுபோக, கொட்டகை சும்மா கிடக்க வேண்டாமே என்று அவர் போட்டது ‘நீயே அலை’ என்கிற, வெள்ளைக்காரர்கள் எடுத்துத் தமிழில் பேசவைத்த படம். அதில் சண்டை இல்லை, பாட்டு இல்லை. தாடி வைத்த மூன்று புரொபசர்களும் மொட்டையடித்த ஒரு சாமியாரும் மாறி மாறி நாற்காலியில் உட்கார்ந்து, எலக்ட்ரான் என்பது பார்க்காதபோது அலை, பார்த்தால் துகள், ஆகவே உலகம் என்பது நீ பார்ப்பதுதான், ஆகவே உன் வாழ்க்கையில் நடந்ததெல்லாம் நீயே வரவழைத்ததுதான் என்று சொல்லச் சொல்ல, நடுநடுவே ஒரு நீர்த்துளி மெல்ல மெல்ல விழுந்து உடைய, நட்சத்திரங்கள் சுழல, வேலையும் புருஷனும் கைவிட்டுப்போன ஒரு பெண் கடைசியில் கண்ணாடி முன் நின்று தன்னைத்தானே மன்னித்துச் சிரிப்பாள். ‘அணுவுக்குள் எல்லாம் வெற்றிடம்; எடை என்பது உன் எண்ணத்தில்தான் இருக்கிறது’ என்பது கடைசி வசனம். முதல்நாள் பதினோரு பேர் பார்த்தார்கள். அதில் ஆறு பேர் தூங்கிவிட்டார்கள். கந்தவேல் எழும்பிய மறுநாள் டிக்கெட் கிடைக்கவில்லை.

சித்திரை பிறப்பதற்குள் ஊரில் முக்கால்வாசிப் பேர் எழும்பிவிட்டார்கள். ஊரும் அதற்கேற்றாற்போல் தன்னைத் திருத்திக்கொண்டது. நடப்பதற்குப் பதில் கைகளைத் துடுப்பாக வீசியும், சுவரையும் கம்பத்தையும் பிடித்துத் தள்ளியும் போகப் பழகினார்கள். டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நின்றவர்கள் பஸ் கிளம்பியதும் நின்ற இடத்திலேயே நின்று பின்கண்ணாடியில் போய் மோதியதால், கண்டக்டர் ஏறுகிற ஒவ்வொருவரையும் "கம்பியப் புடிங் சாமி" என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார். மாரியம்மன் கோயிலில் நேர்த்திக்கடனாக உருளுகிறவர்கள் அந்தரத்தில் உருண்டது அம்மனுக்குச் சேருமா சேராதா என்று மூன்று நாள் வழக்காடி, சேரும் என்று முடிவு செய்தார்கள். எழும்பியவர்களுக்கு ‘லேசானவங்க’ என்று பெயர் வந்தது. எழும்பாதவர்களுக்கு ‘பாரம்’ என்று பெயர் வந்தது. "அந்த வீட்டுல நாலு லேசு, ஒரு பாரம்" என்று சொல்லிப் பெண் கேட்டார்கள்.

பாரங்களில் பெரும்பாலோர் படம் பார்க்கவே நேரம் இல்லாதவர்கள். நூல் மில்லில் ஷிப்டு பார்க்கிறவர்கள், தேங்காய் உரிக்கிறவர்கள், பேரூராட்சியின் குப்பை வண்டியைத் தள்ளுகிற மருதாயி. பார்த்தும் எழும்பாதவர் சிலர் உண்டு. அவர்களில் ஒருவர் தியேட்டர் முதலாளி ஆறுச்சாமியேதான். நாலு காட்சியும் நின்று பார்த்தும் அவர் கால் மண்ணைவிட்டுக் கிளம்பவில்லை. அந்த வெட்கத்தில் டிக்கெட் கவுண்டரைவிட்டு வெளியே வருவதையே குறைத்துக்கொண்டார்.

படத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று சொன்னவள் ஒருத்தி. அவள் பூங்கோதை, அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் பதினெட்டு வருஷமாக இயற்பியல் நடத்துகிறவள்.

அவளுடைய எரிச்சல் வகுப்பறையில் தொடங்கியது. பிளஸ் டூ பெண்கள் முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேர் பெஞ்சுக்கு நாலு விரற்கடை மேலே உட்கார்ந்திருக்க, அவள் கரும்பலகையில் எடைக்கான சூத்திரத்தை எழுதினாள். எழுதி முடித்துத் திரும்பியபோது முன்வரிசைப் பெண் மரியாதையாக எழுந்து, இன்னும் சற்று உயர்ந்து, "டீச்சர், அப்பறம் நாங்கெல்லாம் எப்புடீங்?" என்று கேட்டாள்.

"அணுவுக்குள்ள வெற்றிடம் இருக்குது, நெசந்தான். அதுக்காக எடை இல்லாமப் போயிடாது. பார்த்தா மாறுதுன்னா, மனுசக் கண்ணு பார்க்கறதுன்னு அர்த்தமில்ல, அளக்கறதுன்னு அர்த்தம். அந்தப் படத்துல சொல்றது பூராத் தப்பு."

"சரிங் டீச்சர். ஆனா நாங்க மேல இருக்கறமுங்களே."

சரியான ஒன்றைச் சொல்லிவிட்டுத் தோற்று நிற்பதைப்போல் எரிகிற எரிச்சல் வேறு எதுவும் இல்லை என்பதை அவள் அன்று கற்றாள்; அதற்குப் பிறகு நாள்தோறும் கற்றாள்.

லேசானவர்களுக்கு ஒரு குறை இருந்தது. தரையை உதைக்க முடியாதவன் எதையும் தள்ள முடியாது, இழுக்க முடியாது, இறைக்க முடியாது. அடிகுழாயை அழுத்தினால் குழாய் இறங்குவதற்குப் பதில் இவர்கள் ஏறினார்கள். நின்றுபோன மினி பஸ்ஸை முப்பது லேசானவர்கள் சேர்ந்து தள்ளியபோது, பஸ் அப்படியே நிற்க, முப்பது பேரும் பின்னால் போனார்கள். ஆனால் இதையெல்லாம் ஒரு குறையாக அவர்கள் எண்ணவே இல்லை. பாரங்கள் இருக்கிறார்கள் அல்லவா? அடிகுழாயில் மருதாயி இருந்தாள். மூட்டைக்குத் தேங்காய் உரிப்பவர்கள் இருந்தார்கள். பள்ளிக்கூடத்தில் பீரோவை நகர்த்த, மணியடிக்க, ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கப் பூங்கோதை இருந்தாள். "உங்களுக்குள்ள என்னமோ கனம் இருக்குதுங் டீச்சர், அதை விட்டுடுங்" என்று தலைமையாசிரியை பரிவோடு சொல்லியபடி, பரிவோடு அந்த பீரோவையும் காட்டினார்.

வைகாசியில் ரைஸ் மில் மாரப்பன் இறந்தபோது அவருடைய மூன்று மகன்களும் லேசானவர்கள். பாடைக்குத் தோள் கொடுத்தார்கள், ஆனால் ஓரடி நகர்த்த முடியவில்லை. அந்தத் தெருவில் அந்த நேரத்துக்குக் கிடைத்த பாரங்கள் ஆறுச்சாமி, மருதாயி, தேங்காய் உரிக்கிற ஒருத்தர், ஆக மூன்று பேர். நாலாவது தோளாகப் பூங்கோதை போனாள். அந்த ஊரில் பொம்பளைகள் சுடுகாட்டுப் பக்கம் போனதே கிடையாது. அன்று இரண்டு பொம்பளைகள் பிணத்தைத் தூக்கிப் போனார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. மகன்கள் பக்கவாட்டில் மிதந்து வந்தார்கள். அவர்கள் முகத்தில் தெளிவு இருந்தது. "அப்பா அலையாயிட்டாருங்" என்று மூத்தவன் அவளிடம் சொன்னான். தோள்பட்டையில் மூங்கில் பதிந்து வலித்த வலியில் அவள், "அலை இத்தனை கனமா இருக்காதுங்க தம்பி" என்றாள். அவனுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் அவள் பொறுத்திருப்பாள். பொறுக்க முடியாதது வீட்டுக்குள் வந்தது.

அவள் புருஷன் சிவராசு காற்றாலைகளைப் பராமரிக்கிற கம்பெனியில் வேலை பார்த்தான். அவர்களுக்கு ஒரே மகள், மகிழினி. இரண்டு வருஷத்துக்கு முன் ஆடி மாதம், பதினோராம் வயதில், ஐந்து நாள் டெங்குக் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவளைப் பற்றிப் பேச்சு இல்லை. ஆனால் அவள் சைக்கிள் இருந்தது, புத்தகப் பை இருந்தது, சுவரில் அவள் உயரத்தைப் பென்சிலால் குறித்த கோடுகள் இருந்தன. புருஷனும் பெண்டாட்டியும் அவற்றைச் சுற்றிச் சுற்றி நடந்து வாழ்ந்தார்கள்.

சிவராசு படத்தை முதலில் பார்த்தது சித்திரைக் கடைசியில். எழும்பவில்லை. மறுபடி பார்த்தான். எழும்பவில்லை. தியேட்டரின் சைக்கிள் ஸ்டாண்டில் ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் பரஞ்சோதி என்பவர் வகுப்பு எடுத்தார். முன்பு பம்ப்செட் ஏஜென்சி வைத்திருந்தவர், இப்போது வெள்ளை ஜிப்பாவில் மற்றவர்களைவிட ஒரு விரற்கடை கூடுதலாக மிதந்தார். எழும்பாதவர்கள் அவரிடம் போய்த் தங்கள் கனம் எது என்று கேட்டார்கள். சிவராசும் கேட்டான்.

ஒருநாள் பூங்கோதை பள்ளிவிட்டு வந்தபோது சைக்கிள் இல்லை.

"சைக்கிள் எங்கீங்?"

"குடுத்துட்டேன்."

"ஆருக்கு?"

"ஆருக்கோ. அதுவா முக்கியம்?" அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். "புடிச்சிட்டிருக்கறத விடச் சொன்னாரு."

அடுத்த வாரம் புத்தகப் பை போனது. அதற்கடுத்த வாரம் கவுன்கள் போயின. ஆனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாகச் சுவர் முன்னால் நின்றபோது அவள் குறுக்கே வந்து, பென்சில் கோடுகள்மேல் முதுகை வைத்து நின்றுகொண்டாள்.

"நகரு கோதை."

"உங்க பரஞ்சோதி என்னதான் சொன்னாரு? முழுசாச் சொல்லுங்."

அவன் வாளியைக் கீழே வைத்தான். "காய்ச்சல் சும்மா வரலியாமா. புள்ளைக்கு என்னமோ ஆயிடுமோ ஆயிடுமோன்னு நான் பயந்துட்டே இருந்தனல்ல, டவர் மேல ஏறுனா அதே நெனப்பு, எறங்குனா அதே நெனப்பு, அந்த நெனப்புதான் கொண்டாந்துருச்சாமா."

அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சிவரை பற்றிக்கொண்டு வந்தது. "கொசு கடிச்சு வந்ததுங்க அது! ஏழாங் கிளாஸ் புத்தகத்துல இருக்குது! அந்த ஆளைச் செருப்பாலடிக்கோணும். பெத்தவன்கிட்டப் போயி நீதான் கொன்னேன்னு சொல்றதுக்கு ஒரு படம், அதுக்கு ஒரு வகுப்பு, இதை நம்பிட்டு நீங்க..."

"நம்பறேன்" என்றான் சிவராசு. அவன் குரல் உயரவே இல்லை. "என்னாலன்னா நான் மாத்திக்கலாமல்ல கோதை? நெனப்ப மாத்துனாப் போதும். ஆராலயும் இல்லீன்னா, ஒரு கொசுன்னா, நான் என்ன பண்றது? சொல்லு. ரெண்டு வருசமா எனக்கு அது தெரியல. உனக்குத் தெரிஞ்சாச் சொல்லு."

அவள் சுவரைவிட்டு நகரவில்லை. சாயங்காலம்வரைக்கும் அப்படியே நின்றாள். அவன் வாளியை எடுத்துக்கொண்டு போனான்.

பதினோராம் தடவை படம் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலையில் சிவராசு எழும்பியிருந்தான். சமையலறை வாசலில் அவன் நின்ற விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. தோள்கள் தளர்ந்து, நெற்றிச் சுருக்கம் போய், கல்யாணத்தன்று இருந்த முகம். அந்த முகத்தைப் பார்த்து ஒரு கணம் அவளுக்கு ஆசையாகக்கூட இருந்தது. காப்பியைக் கொடுத்துவிட்டு, சோதித்துப் பார்க்கிறவளைப்போல, "அடுத்த மாசம் மகிழினிக்கு ரெண்டாவது திதி வருதுங்" என்றாள்.

"ஆமாமா" என்றான் அவன், பக்கத்துத் தெருச் செய்தி கேட்டவனைப்போல. "அந்தப் புள்ள நல்லாப் படிக்கும்ல?"

அந்தப் புள்ள. காப்பி டம்ளரை அவன் திருப்பிக் கொடுக்கும்வரைக்கும் அவள் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்றைக்குப் பகல் காட்சிக்கு, லீவு எழுதிக் கொடுத்துவிட்டு, வெட்கத்தை விட்டு, அவளே தியேட்டருக்குப் போனாள். கவுண்டருக்குள்ளிருந்து ஆறுச்சாமி நிமிர்ந்து பார்த்து, "நீங்களுமா டீச்சர்?" என்று கேட்டார். கேட்டதில் கேலி இல்லை. தனக்கிருந்த துணையும் போகிறதே என்ற வருத்தம்தான் இருந்தது. உள்ளே போய் உட்கார்ந்து, மனசை எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவு திறந்து வைத்து, எழும்பினால் எழும்பிவிட்டுப் போகிறேன், அவன் இருக்கிற இடத்தில் நானும் இருக்கிறேன் என்று முழுப் படத்தையும் பார்த்தாள். பதினேழு பிழைகள் கண்ணில் பட்டன. கண்ணாடி முன்னால் அந்தப் பெண் சிரித்தபோது இவள் அழுதாள். விளக்குகள் எரிந்ததும் அவளைச் சுற்றி இருந்தவர்களெல்லாம் ஆரஞ்சுச் சுளை பிரிவதுபோல் நாற்காலிகளைவிட்டுப் பிரிந்து எழும்ப, அவள் மட்டும் இருந்த இடத்தில் இருந்தாள். அடுத்த காட்சியையும் பார்த்தாள். அதே கனம்.

பிறகு ஆடி பிறந்தது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது அந்தப் பக்கத்தில் வெறும் பேச்சு இல்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு அந்த ஊர்தான் வாசல். அதனால்தான் சுற்றிலும் காற்றாலைகள். இதை ஊரில் எல்லோரும் அறிவார்கள், லேசானவர்கள் உட்பட. அறிந்தும் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆடி மூன்றாம் தேதி முற்பகலில், கடைவீதி நிறைந்திருந்த நேரத்தில், மேற்கேயிருந்து முதல் வீச்சு வந்தது. தலைமையாசிரியை, கந்தவேல், மாரப்பனின் மூன்று மகன்கள், கொத்தமல்லிக் கட்டோடு நின்ற பொம்பளைகள் என்று எல்லோரும் நின்ற கோலத்திலேயே, முகத்தில் தெளிவு மாறாமல், கிழக்கே போகத் தொடங்கினார்கள். வேலிகளில் சிக்கினார்கள், தென்னைகளில் அப்பினார்கள். பரஞ்சோதியைத் தாராபுரம் ரோட்டில் ஒரு சோளக்காட்டிலிருந்து பிறகு டெம்போவில் ஏற்றி வந்தார்கள்.

பாரங்கள்தான் ஓடினார்கள். மருதாயி குப்பை வண்டியைக் குறுக்கே நிறுத்தி, ஒரு கையில் இரண்டு பேராகப் பிடித்து வண்டியில் போட்டு மூடினாள். "எருமை மாதிரி நிக்கறாளேன்னு திட்டுனீங்கல்ல, இப்பப் புடிச்சுக்குங்க இந்த எருமைய!" என்று அவள் கத்தியது காற்றைமீறிக் கேட்டது. ஆறுச்சாமி மாரப்பனின் சாவுக்குப் பிறகு முதல்முறையாகக் கவுண்டரைவிட்டு வெளியே வந்து, திரைச்சீலைக் கயிற்றை அறுத்து வந்து மனிதர்களைக் கம்பத்தோடு கட்டினார். பூங்கோதை பள்ளியிலிருந்து நேராக வீட்டுக்கு ஓடினாள். சிவராசு வாசலைத் தாண்டி, பக்கத்துக் காட்டின் கம்பிவேலியில் வேட்டி மாட்டிக்கொண்டு, கொடியில் காய்கிற துணிபோல் படபடத்துக்கொண்டிருந்தான். அவன் காலைப் பிடித்து இழுத்தாள். எடையே இல்லை. பதினாலு வருஷம் கூட வாழ்ந்த ஆளின் கால், ஒரு காலிப் பையின் கனத்தில் கையில் வந்தது.

"விடு கோதை, போனாத்தான் என்ன?" என்றான் சிரித்தபடி.

"வாய மூடுங்" என்று சொல்லி, இழுத்து வந்து, பழைய நூல் சேலையால் ஜன்னல் கம்பியோடு இடுப்பில் கட்டிப்போட்டாள்.

ஊர் அதற்கும் பழகிக்கொண்டது. ஒரு வாரத்தில் கயிற்றுக் கடைகள் மூன்று புதிதாக வந்தன. லேசானவர்கள் பாரங்களின் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடைக்குப் போனார்கள். ஒரு பாரத்துக்கு நாலு பேருக்குமேல் கட்டக்கூடாது என்று பேரூராட்சி அறிவிப்பு ஒட்டியது. யாரும் இறங்க வேண்டும் என்று நினைக்கவில்லை. பாரங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

திதி ஆடி பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் வந்தது. பூங்கோதை தனியாகவே எல்லாம் செய்தாள். தனியாகவே சமைத்து, தனியாகவே இலை போட்டு, காக்கைக்கு வைத்துவிட்டு, கூடத்துத் தரையில் வந்து உட்கார்ந்தாள். ஜன்னலோரம் கட்டியிருந்தபடியே சிவராசு அவளைக் கவனித்துக்கொண்டிருந்தான். எதையோ புரிந்துகொள்ள விரும்புகிற குழந்தையைப்போல் கேட்டான்.

"உனக்கு மட்டும் ஏன் கோதை இத்தனை கனம்?"

அவள் இதை அவனிடம் சொல்லக்கூடாது என்று இரண்டு வருஷமாகப் பல்லைக் கடித்து வைத்திருந்தாள். சொன்னால் அவன் தாங்கமாட்டான் என்று வைத்திருந்தாள். இப்போதும் சொல்லாமல் இருந்திருக்கலாம். அவன் முகம் அத்தனை நிம்மதியாக இருந்தது. ஆனால் அவளுக்குக் களைத்துப்போயிருந்தது.

"கடைசி நாளு காலைல ஆஸ்பத்திரியில இருந்து நீங்க எளநி வாங்கக் கீழ போனீங்கல்ல, அப்ப அவ கண்ணு முழிச்சா. அப்பா எங்கன்னா. எளநிக்குப் போயிருக்காரு சாமின்னேன். எனக்கு எளநி வேண்டாம், அப்பா வந்தாப் போதும்னு போன் பண்ணிச் சொல்லும்மான்னா. போன் பண்ணேன். நீங்க எடுக்கல, கடையில கூட்டம். அவ வாசலையே பார்த்துட்டிருந்தா. அப்பறம் பார்க்கல. நீங்க வரதுக்கு நாலு நிமிசம் முந்தி. கண்ணு முழிக்காமலே போயிட்டான்னு டாக்டரு உங்க முன்னால சொன்னது பொய்யி, நாந்தான் அப்புடிச் சொல்லச் சொன்னேன்."

சேலை முடிச்சு ஒருமுறை முறுக்கிக்கொண்டது. சிவராசு தொப்பென்று தரையில் விழுந்தான். நாலு விரற்கடை உயரம்தான். ஆனால் ஒரு மூட்டை விழுந்த சத்தம் கேட்டது, சுவரிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்தது, கால் கட்டைவிரல் பெயர்ந்து ரத்தம் வந்தது. அவன் வாயைத் திறந்தான். அழுதது அந்தத் தெரு முழுக்கக் கேட்டது.

அழுகைக்கு நடுவே, அடிபட்ட மிருகத்தின் கண்களோடு அவளைப் பார்த்துக் கத்தினான். "ஏன்டி சொன்னே? நல்லாத்தான இருந்தேன்? பாவி, ஏன்டி எறக்குனே?"

அவள் முடிச்சை அவிழ்த்தபடியே சொன்னாள்.

"ஒத்தையில தூக்க முடியலீங்."

அவன் அவளோடு ஒன்பது நாள் பேசவில்லை. வீட்டுக்குள் அவன் நடக்கிற சத்தம் மட்டும் கேட்டது, குதிகால் குதிகாலாக. வெளியே லேசானவர்கள் கயிற்றில் கட்டுண்டு போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். சிலர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, "சிவராசு மறுக்காப் பாரமாயிட்டானாமா" என்று இரக்கப்பட்டார்கள். பத்தாம் நாள் மத்தியானம், சாப்பிட உட்கார்ந்தவன், தட்டைப் பார்த்தபடியே, யாரிடம் சொல்கிறான் என்று தெரியாதபடி சொன்னான்:

"அவளுக்குப் பூசணிக்காப் பொரியலே ஆகாது."

"பூசணிக்கா இல்லீங். சொரக்கா."

"பூசணிக்காதான். தட்டுலயே ஒதுக்கி வெப்பா."

"அது சொரக்காங்க. பூசணிக்கான்னா ரெண்டாந்தரம் கேப்பா. ஆக்கிப் போட்டவ நானு."

"உனக்கு என்ன தெரியும்? எனக்குப் பக்கத்துலதான உக்காருவா? ஒதுக்குனத பூராத் தின்னவன் நானு!"

கோபமாகத்தான் பேசினார்கள். பூசணி என்றும் சுரை என்றும், குழம்பு ஆறி, சோறு விறைத்து, இருவர் கையும் காய்ந்துபோகிறவரைக்கும், விட்டுக்கொடுக்காமல் பேசிக்கொண்டிருந்தார்கள்.